இடது கண்ணின் கீழ் ஓரம்

மார்ச் 2

அக்காவுக்கு,

போனை மாஸ்டர் வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார். சண்டை முடிகிறவரை முகாமில் யாருக்கும் போன் கிடையாது. இருந்தால் மட்டும் என்ன, ஒன்றரை வருஷமாக என் போனை நீ எடுத்தாயா? அதனால்தான் பேப்பரும் பேனாவும். சமையல்காரர் காய்கறி வாங்கப் போகும்போது தபாலில் போட்டுவிடுவார். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, இரண்டு விரல் முட்டிகள் வீங்கிக் கிடக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் 26ஆம் தேதி நெட்டையனோடு எனக்குக் குத்துச்சண்டை. போன வருஷம் ஒருத்தனுடைய விலாவை மூன்று இடத்தில் உடைத்தானே, அதே நெட்டையன்தான். அவனைத் தரையில் போட்டால் அடுத்தது பட்டத்துக்கான சண்டை. எனக்கு முப்பத்திரண்டு வயசாகிறது. இதைத் தவறவிட்டால் இன்னொருத்தன் மூக்கை உடைக்க எனக்கு யாரும் கையுறை மாட்டிவிட மாட்டார்கள்.

பன்னிரண்டாம் தேதி குத்துச்சண்டைச் சங்கத்து டாக்டர் கண் சோதிக்கிறார். பழைய மெஷினுக்கு நீ சொல்லிக்கொடுத்தது இன்னும் மறக்கவில்லை. நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிரு, ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இரண்டு மூச்சுக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்து, நாலாவது தடவை மட்டும் சும்மா இரு, இல்லாவிட்டால் பொய்யென்று மெஷின் கண்டுபிடித்துவிடும். இப்போது புது மெஷினாம். அதற்கு எத்தனை மூச்சு? அதை மட்டும் ஒரு வரியில் எழுதி அனுப்பு. உன் கோபத்தையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

கண் நன்றாகத்தான் இருக்கிறது. இடது கண்ணில் எப்போதாவது மின்னல் மாதிரி ஒன்று வெட்டும், அவ்வளவுதான்.

தம்பி

மார்ச் 6

டேய்,

எத்தனை மூச்சு என்று சொல்ல மாட்டேன்.

ஒரு தடவை சொன்னதற்கே நான் இன்னும் அனுபவிக்கிறேன். உன் இடது விழித்திரையில் ஓட்டை விழுந்து, அதைச் சுற்றி லேசர் வைத்து, "இனி குத்துச்சண்டை கூடாது" என்று எங்கள் டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றது நான்தான். பிறகு வீட்டில் நீ அழுதாய். ஒரே ஒரு சண்டை, அதோடு விட்டுவிடுகிறேன் என்றாய். அப்போது நான் ஆஸ்பத்திரியில் அந்த ஓரப்பார்வைச் சோதனையை எடுப்பவளாக இருந்தேன். அதை ஏமாற்ற உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். பாசத்தில் செய்தது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். திருட்டு வேலைதான் அது.

அந்தச் சண்டையை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது ரவுண்டில் அந்த ஆள் கயிற்றில் சாய்ந்து கையைத் தொங்கப்போட்டுவிட்டான். நீ நிறுத்தவில்லை. பதினோரு குத்து, நான் எண்ணினேன். நடுவர் உன் இடுப்பைக் கட்டி இழுக்கும்போதும் அவர் தோளுக்கு மேலாக இன்னொன்று விட்டாய். அவன் பல் ஒன்று என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. இன்றைக்கும் அவனால் ஒரு வாக்கியத்தைக் கோர்வையாகச் சொல்ல முடியவில்லையாம். அன்றிலிருந்துதான் உன் போனை எடுப்பதில்லை.

இப்போது நான் சோதனை எடுப்பதில்லை, அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் விழித்திரை செல்களை வளர்க்கிறேன். அதனால் உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கேள். விழித்திரை நனைந்த காகிதம் மாதிரி மெல்லியது. அதில் வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் தனியாகப் பிழைக்காது. அவற்றின் அடியில் கறுப்பாக ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. சோறு போடுவதும் அந்த வரிசைதான், குப்பை அள்ளுவதும் அந்த வரிசைதான். வெளிச்சச் செல்லின் நுனி தினமும் தேய்கிறது. தேய்ந்ததை அடிவரிசை விழுங்கிவிடும், புதுநுனி வளரும். இப்படித்தான் எண்பது வயசு வரைக்கும் கண் ஓடுகிறது. ஆனால் இந்த இரண்டையும் பசை போட்டு யாரும் ஒட்டவில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றன, அவ்வளவுதான். ஒரு குத்தில் பிரிந்துவிடும்.

அடிபட்டால் உதவிக்கு வரவும் செல்கள் உண்டு. விழித்திரையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தூண் மாதிரி நிற்பவை. காயம் பட்டதும் பக்கத்துச் செல்கள் சாகாமல் இருக்க மருந்து சுரப்பது அவைதான். ஆனால் திரும்பத் திரும்ப அடித்தால் அதே தூண்கள் வீங்கித் தழும்பாகிவிடும். தழும்புக்குப் பார்வை கிடையாது.

மின்னல் வெட்டுகிறது என்று ஏதோ கொசு கடித்த மாதிரி எழுதியிருக்கிறாய். யாரோ விழித்திரையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே கிளம்பி வா.

அக்கா

மார்ச் 14

அக்கா,

உன் உதவி இல்லாமலே பாஸாகிவிட்டேன். புது மெஷினுக்கும் அதே இரண்டு மூச்சுதான். டாக்டர் முதுகில் தட்டி, "கழுகுக் கண்ணுப்பா உனக்கு"ன்னார். உனக்கு ரொம்ப நன்றி.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். தட்டில் செல் வளர்த்து, அதன் மேல் கூசுகிற வெளிச்சம் பாய்ச்சி, மூச்சு முட்ட வைத்து, எது சாகிறது எது பிழைக்கிறது என்று எண்ணுவதுதான் உன் வேலை என்று அம்மா சொன்னாள். அப்படியென்றால் நீயும் நானும் ஒரே தொழில். உன் ஆட்கள் திருப்பி அடிப்பதில்லை, அதுதான் வித்தியாசம்.

முந்தாநாள் பயிற்சியில் ஒரு சம்பவம். சுருட்டை என்று ஒருத்தன், என்னைவிட எட்டு கிலோ குறைவு, என்னோடு மோதிப் பயிற்சி எடுக்கிறவன். இடது பக்கமிருந்து அவன் வளைத்துக் குத்தியது எனக்குத் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் காதோரத்தில். அந்தக் காது குப்பென்று அடைத்துவிட்டது. எனக்கு வெறி வந்துவிட்டது. காலடிச் சத்தத்தைக் கேட்டு, மூச்சை எண்ணி, அவன் எங்கே இருப்பான் என்று குத்துமதிப்பாக வீசினேன். தாடை உடைகிற சத்தம் கையுறைக்குள் கேட்டது. விழுந்த பிறகும் இரண்டு கொடுத்தேன். வாயில் ரத்தம் கொப்பளித்து, தரை வழுக்கி, மாஸ்டரும் விழுந்துவிட்டார். எல்லாரும் சேர்ந்து என்னைச் சுவரோடு சுவராக அழுத்திப் பிடித்தார்கள். சுருட்டைக்குத் தாடையில் கம்பி கட்டியிருக்கிறார்கள். பாவம், குழாய் வைத்து உறிஞ்சிக் குடிக்கிறான். ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது, அக்கா. இடது பக்கம் பார்க்கத் தேவையே இல்லை. காதால் பார்த்து அடிப்பேன்.

நேற்றிலிருந்து இடது கண்ணில் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை நிற்கிறது. வெளிப்பக்க மூலையில். யாரோ தரையிலிருந்து துணியைத் தூக்கிப் பிடித்த மாதிரி. கசக்கினால் போகவில்லை. மாஸ்டரிடம் சொல்லவில்லை. நீயும் வாயைத் திறக்காதே. இன்னும் பன்னிரண்டு நாள்தான்.

தம்பி

மார்ச் 17, கூரியரில்

தம்பி,

நின்றுகொண்டே எழுதுகிறேன். இதை வாங்கியதும் எங்கே இருக்கிறாயோ அங்கேயே படுத்துவிடு.

திரை தெரிகிறது என்றால் விழித்திரை பிரிந்துவிட்டது. கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ். திரை கீழே தெரிந்தால் பிரிந்திருப்பது மேலே. மேலே பிரிந்தால் அடியில் புகுந்த நீர் தானாகக் கீழே இறங்கி, நடுப்பார்வை இருக்கிற இடத்தையும் தூக்கிவிடும். நீ நிமிர்ந்து நடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அது இறங்கிக்கொண்டிருக்கிறது. குதித்தால், தலையில் வாங்கினால், சொல்லவே வேண்டாம்.

பிரிந்த இடத்தில் வெளிச்சச் செல்களுக்குச் சோறு நின்றுவிட்டது. உடனே செத்துவிடாது. முதலில் நுனியை உதிர்க்கும், பிறகு சுருங்கும், தூண் செல்கள் முடிந்தவரை தாங்கிப் பிடிக்கும். முதல் சில நாளில் திரும்ப ஒட்டவைத்தால் நிறையச் செல்கள் பிழைத்துக்கொள்ளும், நுனியும் மறுபடி வளரும். தட்டில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். நாள் போகப்போக எண்ணிக்கை குறையும். பட்டம், நெட்டையன் எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனால் நடு இடம் தூக்கிய பிறகு எந்த டாக்டராலும் பழைய பார்வையை முழுசாகத் திருப்பித் தர முடியாது.

நீ வர மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால் சங்கத்து டாக்டருக்கும் ஒரு கடிதம் எழுதிவிட்டேன். இதே கூரியரில் போகிறது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நான் செய்த திருட்டையும், நீ இப்போது செய்ததையும் ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறேன். என் வேலை போகும் என்று நினைக்கிறேன். போகட்டும்.

திட்டுவதை வந்து திட்டு. வரும்போது உட்கார்ந்து வராதே, வண்டியில் பின்சீட்டில் படுத்துக்கொண்டு வா.

அக்கா

மார்ச் 19

சண்டையை ரத்து செய்துவிட்டார்கள். மாஸ்டர் எல்லார் முன்னாலும் என் பையைத் தூக்கி வாசலில் எறிந்தார். சுருட்டை கம்பி கட்டின வாயோடு சிரிக்கிறான்.

பதினேழு வருஷம். விடிய விடிய ஓடினேன், பல்லைக் கடித்தேன், ரத்தம் குடித்தேன். நீ ஒரு காகிதத்தில் முடித்துவிட்டாய். நெட்டையன் கையால் செத்திருந்தாலும் நிம்மதியாகச் செத்திருப்பேன்.

நாளைக்கு அங்கே வருகிறேன். சொன்னதெல்லாம் பொய் என்று உன் கையாலேயே எழுதித் தருகிறாய். தராவிட்டால் உன் ஆய்வுக்கூடத்தில் ஒரு சாமான் மிஞ்சாது. நீயும்தான்.

மார்ச் 23

தம்பி,

இதை ஒரு கண்ணால் எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்.

வலது கண்ணில் கட்டு போட்டிருக்கிறார்கள். கன்ன எலும்பில் ஒரு விரிசல். விழித்திரை கிழியவில்லை, பிரியவும் இல்லை, ஆனால் நடுப்பகுதி அடிபட்டு வெளுத்து வீங்கிக் கிடக்கிறது. கட்டை எடுத்து அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் எதிரே இருப்பவரின் காது தெரிகிறது, தோள் தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் கறை. இத்தனை வருஷம் தட்டில் பார்த்ததை இப்போது உள்ளே இருந்து பார்க்கிறேன். வெளிச்சச் செல்களின் நுனிகள் நொறுங்கியிருக்கும். செல்லின் உடம்பு உயிரோடு இருந்தால் நுனி திரும்ப வளரும். உடம்பே செத்திருந்தால் கறை கறையாகவே இருக்கும். டாக்டர் காத்திருக்கச் சொல்கிறார்.

தட்டுகளில் பதினொன்று போயிற்று. நூற்று நாற்பது நாள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல், காலையில் வந்ததும் முகம்கூடக் கழுவாமல் தண்ணீர் மாற்றி வளர்த்தவை. நீ ஒரே வீச்சில் மேஜையை வழித்துத் தள்ளினாய். பிறகு காலால் மிதித்தாய். கவிழ்ந்து விழுந்த ஒரு தட்டில் மட்டும் இரண்டு துணுக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதாம், என் கீழே வேலை செய்கிறவள் வந்து சொன்னாள். உடனே அதில் ஏதோ பாடம் இருக்கிறது என்று எழுதப்போகிறேன் என நினைக்காதே. தட்டு விழுந்த விதம் அப்படி.

போலீஸில் புகார் கொடுத்துவிட்டேன். உன் பெயரைச் சொன்னேன், முகாமின் விலாசத்தையும் சொன்னேன். கூடவே ஒன்று சொன்னேன். உனக்கு இடது பக்கம் பார்வை இல்லை. அது எனக்குத் தெரியும். கடைசித் தட்டு வரிசையைக் காப்பாற்ற வேண்டும் என்று நான்தான் வேண்டுமென்றே உன் இடது பக்கமாக வந்தேன், உனக்குத் தெரியாமல் கையைப் பிடித்துவிடலாம் என்று. நீ என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக் கண்மண் தெரியாமல் வீசினாய். அடித்தது அக்காவை என்று உனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். சாமான்களை உடைத்ததற்கு ஒரு வழக்கு, என்னை அடித்தது கைத்தவறு. அப்படித்தான் போகும் என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உன்னை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன், கடித்தால் கன்னம் வலிக்கிறது, அதனால் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

மாஸ்டர் வெளியே தள்ளியும் நீ திரும்பவும் முகாமில், சமையல்காரர் அறையில்தான் பதுங்கியிருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். திரை தெரிந்து இன்றோடு பதினோரு நாள். எங்கள் டாக்டரிடம் பேசிவிட்டேன். நீ யார், என்ன செய்தாய் என்று தெரிந்தும் செய்கிறேன் என்றார். போலீஸா ஆஸ்பத்திரியா என்று கேட்டால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ.

அக்கா

மார்ச் 28

அக்கா,

உன் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். உன் கடிதத்தை மாஸ்டர் பிரித்துப் படித்துவிட்டு என் மேல் விட்டெறிந்தார். அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டேன், பின்சீட்டில் படுத்துக்கொண்டுதான். மறுநாள் ஆபரேஷன். அதற்கு மறுநாள் கான்ஸ்டபிள் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷன், சத்தம் போட்டுக் கொட்டாவி விடுகிறார்.

கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைத்திருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்க வேண்டுமாம். அதற்காக ஒரு வாரம் நான் குப்புறவே கிடக்க வேண்டும். சாப்பாடு, தூக்கம் எல்லாம் தரையைப் பார்த்தபடிதான். கட்டிலில் முகம் வைக்க ஒரு துவாரம் இருக்கிறது. அதற்குக் கீழே ஸ்டூல் போட்டு, பேப்பரை வைத்து எழுதுகிறேன். நர்ஸம்மா உன் வீட்டில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

நடு இடமும் பிரிந்துவிட்டதாம். எப்போது என்று டாக்டர் கேட்டார். எனக்கு நன்றாகத் தெரியும். உன்னை அடித்த அன்று சாயங்காலம், பஸ்ஸில். வலது கண்ணை மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது நெளிந்து வளைந்து மறைந்தது.

அக்கா, நீ போலீஸில் சொன்னதை கான்ஸ்டபிள் எனக்குப் படித்துக் காட்டினார். "தப்பிச்சுட்ட தம்பி. அக்கா உன்னக் காப்பாத்திட்டாங்க"ன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டேன். மூன்று நாளாக அந்தத் தலையை வைத்துக்கொண்டு குப்புறக் கிடக்கிறேன். முடியவில்லை.

திரை கீழே இருந்துதான் ஏறியது. அன்றைக்கு உன் தோள் வரைக்கும் இருந்தது. உன் கை எனக்குத் தெரியவில்லை, நீ எதைப் பிடிக்க வந்தாய் என்றும் தெரியவில்லை. ஆனால் தோளுக்கு மேலே தெளிவாக இருந்தது. உன் முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் வேர்வை, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்திருந்தாய். வாய் "வேண்டாம்டா" என்றது. பார்த்துத்தான் அடித்தேன். கையை இழுத்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. எத்தனை சண்டை போட்டிருக்கிறேன், அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாதா? இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தோளைக் கொடுத்து அடித்தேன்.

நீ கோடு போட்டுக் கொடுத்த பொய்யில் போய் நிற்க எனக்கு வக்கில்லை.

உன் கண் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நர்ஸம்மாவிடம் கேட்டேன், அவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். முன்னால் நான் எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கிக்கொண்டு, நடந்ததை நடந்தபடி மறுபடி எழுதினேன். ஒற்றைக் கண்ணில் தூரம் சரியாகத் தெரியாததால் கையெழுத்துப் போடுகிற இடம் பிடிபடவில்லை. அவர் என் விரலைப் பிடித்துக் காட்டினார். இனி இது கைத்தவறு வழக்கு இல்லை. ஜெயில் உண்டு என்றார். எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை.

நீ பார்த்தது எனக்கு அன்றைக்கே தெரியும். திரை கீழ் ஓரத்தில் நிற்பதாக நீ முன்பே எழுதியதைப் படித்தவள் நான்தானே. என் முகம் எந்த உயரத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாதா? நீ பார்த்திருக்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு, போலீஸிலும் சொல்லிவிட்டேன். உனக்காக நான் சொன்ன இரண்டாவது பொய் அது. மூன்றாவது கிடையாது.

என் கறை அப்படியே இருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது, அடியில் நிறையச் செல்கள் செத்திருப்பது ஸ்கேனில் தெரிகிறது. மைக்ராஸ்கோப்பில் இனி இடது கண்ணால்தான் பார்க்க வேண்டும், வேலையில் வைத்திருந்தால்.

உன்னுடைய ஸ்கேனையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒட்டியிருக்கிறது. அடிவரிசை மேல் படிந்துவிட்டது, நடுவில் செல்கள் மெலிந்திருக்கின்றன, ஆனால் இருக்கின்றன. இனி அவை பிழைப்பதும் பிழைக்காததும் இந்த நாலு நாளில்தான் இருக்கிறது. கான்ஸ்டபிள் கூப்பிட்டாலும், இன்ஸ்பெக்டரே வந்து நின்றாலும், வியாழக்கிழமை வரைக்கும் தலையைத் தூக்காதே.

அக்கா